ஓலைப் பெட்டிக் கணக்கு

பழவேற்காட்டைப் பற்றிய ஒரு சிறிய பயண இணையதளத்தின் கணக்கு வழக்கு முழுவதும் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மூடியைத் திறந்தால் இப்போதும் சென்னாக்கூனிக் கருவாட்டு வாசனை வருகிறது. சாயம் தோய்த்த ஓலைகள் ஊதா எது, பச்சை எது என்று தெரியாத அளவுக்கு வெளுத்துவிட்டன; வாசனை மட்டும் போகவில்லை. உள்ளே நாற்பது பக்க நோட்டுகள் இரண்டு, செத்துப்போன டேட்டா கார்டு ஒன்று, ரப்பர் பேண்டு போட்ட வங்கிச் சீட்டுகள். நோட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் சொற்கள். தேடுபொறியில் என்ன தட்டி மக்கள் அந்தத் தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று, அதை நடத்தியவர் இரவுதோறும் பார்த்துக் குறித்துவைத்தவை. கடைக்காரர், படகுக்காரர் என்பதுபோல ஊரில் அவருக்குத் ‘தளக்காரர்’ என்று பெயர் விழுந்திருந்தது. இங்கும் அதுவே போதும்.

முதல் பக்கம் முழுக்க ஊர்ப்பெயர்தான். பழவேற்காடு, பழவேர்க்காடு, பழவேர்காடு, புலிகாட், புலிக்காடு, பழையகாடு. இலக்கணப்படி வேல மரக் காடு என்றால் வேல்+காடு, வேற்காடு. சென்னைக்கு மேற்கே திருவேற்காடு இருக்கிறதல்லவா, அதைப்போல. மரத்தின் வேரை நினைத்துக்கொண்டு வேர்க்காடு என்று எழுதுகிறவர்களும் ஏராளம். டச்சுக்காரர்கள் பலியகாட் என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அது புலிகாட் ஆயிற்று. தேடுபொறிகளுக்கு அந்தக் காலத்தில் இவ்வளவு சூட்சுமம் கிடையாது. பக்கத்தில் எந்த எழுத்துக்கூட்டு இருக்கிறதோ, அதைத் தட்டியவருக்குத்தான் பக்கம் கண்ணில் படும். ஆகவே தளக்காரர் மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தின் அடியில் எல்லாத் தப்புகளையும் ஒரே வரியில் போட்டுவைத்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான உறவினர் ஒருவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

அந்தப் பட்டியலில் எதிர்பாராத விருந்தாளியும் ஒருவர் உண்டு: ‘கைன் பெலிகாட்’. மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு அதுதான் பெயர். பெலிகாட் என்பது சாட்சாத் புலிகாட்டேதான். சோழமண்டலக் கரையில் நெய்த துணி இந்தத் துறையிலிருந்து கப்பலேறித் தென்கிழக்காசியாவுக்குப் போயிற்று. துறையின் பெயர் துணியோடு ஒட்டிக்கொண்டது. கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், தன் இடுப்பில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஏரியும் வேண்டாம், பூநாரையும் வேண்டாம். அவருக்காக ஒரு பக்கம் எழுதப்பட்டது. வேறு யாரும் அந்தக் கேள்வியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாததால் அந்தப் பக்கம் விறுவிறுவென்று மேலே ஏறி நெடுநாள் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஊரே தேடும் கேள்விக்கு நாற்பதாவது பதிலாக இருப்பதைவிட, பத்துப் பேர் தேடும் கேள்விக்கு முதல் பதிலாக இருப்பது லாபம் என்ற தொழில் ரகசியம் கைலி வழியாகத்தான் பிடிபட்டது.

தேடுபொறி செய்கிற வேலை மூன்று படிகளில் அடங்கும். நிரல் ஒன்று இணைப்பு விட்டு இணைப்பு தாவி, பக்கங்களைப் படித்துக்கொண்டே போகிறது. படித்ததையெல்லாம் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவுபோல அடுக்கி வைக்கிறது. யாராவது கேட்டால் அடுக்கிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. சாமர்த்தியம் முழுவதும் அந்த வரிசையில்தான். 1998-இல் தொடங்கிய கூகுள் நிறுவனம், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிறவை எப்பேர்ப்பட்டவை என்பதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டது. நாலு பெரிய மனிதர்கள் கைகாட்டினால் ஒருவரை நம்புகிற ஊர் வழக்கம்தான். எனவே பறவை பார்ப்பவர்களின் குழுக்களுக்கும் கல்லூரி வரலாற்றுத் துறைகளுக்கும் கடிதம் எழுதி, ‘எங்கள் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுங்கள்’ என்று கேட்பது தளக்காரரின் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது. பத்துக்கு ஒருவர் பதில் போடுவார். பொறுமை போய், மின்னஞ்சலில் வந்த ஒரு வியாபாரியிடம் மொத்தமாக லிங்க் விலைக்கு வாங்கியதும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய கைதட்டலைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றம் வந்தது. வாங்கிய லிங்க்குகளோடு தளமும் நாலைந்து பக்கம் பின்னால் போய்விட்டது. குற்றம் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. நோட்டில் அந்த வாரத்துக்கு ஒரு சொல்கூட இல்லை. ஓரத்தில் ஒரு பறவை வரைந்து அடித்திருக்கிறது.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்த வரிசை விவகாரத்தை விளக்குவது கஷ்டமாக இருக்கவில்லை. ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்துக்கு அருகே இறால் ஏறிவரும் இடங்கள் சில உண்டு. சுத்து வலை கட்ட அவைதான் தோதானவை. எல்லாரும் அங்கேயே போய்க் கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். எனவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற பாட்டு ஊர்கள் முறைவைத்துக்கொண்டன. ஊருக்குள்ளே சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு யாருக்கு எந்த இடம் என்று தீர்மானித்தார்கள். இன்று நல்ல இடம் விழுந்தவருக்கு நாளை மோசமான இடம் விழும். பாட்டில் சேராத ஊர்களுக்கும் சாதிகளுக்கும் அதில் பங்கில்லை; அதனால் வந்த சண்டையும் பஞ்சாயத்தும் தனிக்கதை. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு அது சமமான ஏற்பாடு. தேடல் முடிவின் முதல் பக்கத்தைத் தளக்காரர் ஒருநாள் மடிக்கணினியில் திறந்து காட்டியபோது, வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பத்து வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மொத எடம் யாருக்கு தம்பி?”

“பெரிய கம்பெனிக்கு, ஐயா.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் அவங்களுக்குத்தான்.”

“அப்ப சீட்டே போடமாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் ஊசியை எடுத்துக்கொண்டார். தேடலில் முறை மாறுவதில்லை. முதல் இடத்தில் இருப்பவரைத்தான் பலரும் பார்க்கிறார்கள். பலரும் பார்ப்பதால் பலரும் சுட்டுகிறார்கள். சுட்டுவதால் அவர் முதல் இடத்திலேயே இருக்கிறார்.

நோட்டில் ஊர்ப்பெயருக்கு அடுத்தபடி மிக அதிகமாக வருகிற சொல் ‘போட்டிங்’. புலிகாட் போட்டிங், பழவேற்காடு போட்டிங் டைம், போட்டிங் ரேட். சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி என்று படித்துவிட்டு வருகிறவர்கள் தண்ணீரில் இறங்காமல் போவார்களா? அப்போதெல்லாம் மீன்பிடிப் படகுகளிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போய்வருவார்கள். டிக்கெட் கிடையாது, உயிர்காப்பு உடை கிடையாது, கரையில் நின்று பேரம். தளத்திலும் அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது: என்ன கேட்பார்கள், எங்கே நின்று பேசலாம், எதுவரை குறைப்பார்கள். தளத்திலேயே அதிகம் படிக்கப்பட்ட பக்கம் அதுதான்.

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தளக்காரர் தன் பக்கத்தின் தலைமாட்டில் ‘இப்போது தடை உள்ளது’ என்று ஒரு வரி சேர்த்தார். பக்கத்தை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை என்பதே சரி. தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள்.

தேடல் முடிவில் ஒருவர் முதலில் பார்ப்பது பக்கத்தை அல்ல. ஒரு தலைப்பையும் அதன் கீழே இரண்டு வரிச் சுருக்கத்தையும்தான். கைபேசியில் தேட ஆரம்பித்த பிறகு பலர் அதற்கு மேல் படிப்பதும் இல்லை. விபத்து நடந்து நெடுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் சகிதம் வந்த ஒருவர் துறையில் நின்றுகொண்டு, படகுக்காரர் ஒருவரிடம் கைபேசியை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தார். திரையில் தலைப்பு: ‘பழவேற்காட்டில் படகு சவாரி: கட்டணமும் பேரமும்.’ அவர் சொன்ன தொகை பக்கத்தில் இருந்த அதே தொகை.

“சார், போட்டு விட்டா போலீஸ் கேஸு. நாங்க உள்ள போவணும்.”

“இதுல போட்டிருக்கே, பாருங்க!”

“எய்தினவன இட்டாங்க சார், நான் பேசிக்கிறேன்.”

எழுதியவர் பத்தடி தள்ளி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. படகுக்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்தை எழுதியது அவர்தான் என்பது மட்டும் தெரியாது. அன்று இரவே தலைப்பு மாறியது: ‘பழவேற்காட்டில் படகு சவாரி இல்லை, ஏன்?’ அதன்பின் அந்தப் பக்கத்துக்கு ஆள் வரத்து மெல்ல மெல்லக் குறைந்தது. ‘இல்லை’ என்று எழுதிய பக்கத்தைச் சொடுக்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. சவாரி உண்டு என்று படம் போட்டு எழுதியவை மேலேயே இருந்தன. அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தத் துறையில் கால் வைத்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

பூநாரை விஷயத்திலும் இதே கோளாறு, உயிர்ச்சேதம் இல்லாமல். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரி நிறைந்து, பிறகு மெல்ல வற்றுகிற மாதங்களில் பூநாரைகள் ஆழம் குறைந்த நீரில் இறங்குகின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பறவைகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்க ஏற்ற இடம் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கே கடந்து போகும் சாலை. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் அண்ணாமலைச்சேரி. ஆனால் ‘புலிகாட் ஃபிளமிங்கோ’ என்று தேடியவரை வரைபடம் நேராகப் பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து விடும். அங்கே அவர் பார்ப்பது காக்கையும் கருவாடும். ‘பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்கு வராதீர்கள்’ என்று தளத்தில் ஒரு பக்கம் போட்டதும், ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். வருகிற நாலு பேரையும் வராதே என்றால் டீ விற்பது எப்படி என்ற அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

இனி வருமானம். பயணத் தளங்களின் வருவாயில் முக்கியமானது கூட்டாளிக் கமிஷன். தமிழில் சொன்னால் தரகு. தளத்தில் ஒரு விடுதிக்கோ பொருளுக்கோ இணைப்பு இருக்கும். அந்த இணைப்பின் வாலில் தளக்காரரின் அடையாள எண் ஒட்டியிருக்கும். சொடுக்கியவரின் கணினியில் ‘குக்கீ’ என்ற சிறு குறிப்பு பதிந்து, இவர் இன்னார் அனுப்பிய ஆள் என்று சொல்லும். அவர் வாங்கினால் அனுப்பியவருக்குப் பங்கு. அமேசான் 1996-இல் இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் தொடங்கியது. இந்தியாவில் கடை திறந்தது 2013-இல். விடுதி அறைத் தளங்களில் விருந்தினர் தங்கி முடித்த பிறகுதான் கமிஷன். பதிவை ரத்து செய்தால் ஒன்றும் இல்லை. கிடைப்பதும் விடுதிக்காரர் தளத்துக்குக் கொடுக்கும் கமிஷனில் ஒரு துண்டு.

பழவேற்காட்டிலோ சொல்லிக்கொள்ளும்படி விடுதி கிடையாது. போகிறவர்கள் அன்றே திரும்பிவிடுவார்கள். மீனவக் குப்பங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி, கமிஷன் வந்ததென்னவோ எழும்பூர் லாட்ஜுகளிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளிலிருந்தும்தான். அடுத்த வரவு பைனாகுலர். பறவைப் பக்கத்தில் இரண்டு மூன்று பைனாகுலர்களைப் பற்றி எழுதி இணைப்புக் கொடுத்திருந்தது. அமேசானின் குக்கீக்கு ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் அந்த ஆள் எதை வாங்கினாலும் பங்கு உண்டு. அப்படி ஒருநாள் பைனாகுலர் பார்க்கப் போனவர் அதை வாங்காமல் பிரஷர் குக்கர் வாங்கினார். கணக்கில் குக்கருக்கான கமிஷன் வந்து விழுந்தது. பழவேற்காட்டுப் பூநாரைக்கும் ஐந்து லிட்டர் குக்கருக்கும் உள்ள சம்பந்தத்தைத் தளக்காரரின் வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

தரகு இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக வைத்திருந்தது. கம்பெனி நெசவாளியின் வாசலுக்குப் போகவில்லை. தலைமை வணிகர்களிடம் முன்பணம் கொடுத்தது. அவர்கள் தங்கள் ஆட்கள் மூலம் நெசவு ஊர்களுக்குப் பணத்தை இறக்கித் துணியை ஏற்றினார்கள். மலையா செட்டி, சின்னண்ணா செட்டி என்ற பெயர்கள் பதினேழாம் நூற்றாண்டுக் கம்பெனிப் பதிவுகளில் அடிக்கடி வருகின்றன. வெறும் தரகர்களாக நிற்காமல் சொந்தக் கப்பல் விட்டு, அரசர்களோடு பேரம் பேசியவர்கள். அதே துறையிலிருந்து 1620களில் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள் என்பதைப் பயணப் பக்கங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலில் இருபுறமும் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படம் எடுப்பதோடு சரி. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும்தான்.

வேடிக்கை என்னவென்றால், விடுதி அறைகளுக்குத் தளக்காரர் கூட்டுச் சேர்ந்த புக்கிங்.காம் 1996-இல் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் பிறந்தது. 2005-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறினாலும் தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில்தான் இருக்கிறது. டச்சுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கல்லறைகளைப் பற்றி எழுதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து தரகு வாங்கிய கடைசி பழவேற்காட்டுத் தரகன் நானாகத்தான் இருப்பேன் என்று தளக்காரர் நோட்டின் உள்ளட்டையில் எழுதிவைத்திருக்கிறார். கமிஷன் என்பதால் 194ஹெச் பிரிவின்கீழ் வருமான வரிப் பிடித்தம் பற்றிய ஆடிட்டரின் பாடம் ஒன்றும் அதன் கீழேயே இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதிகள் பிறகு வந்தன. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இலும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வழிகாட்டுதல் வெளியிட்டன.

பெட்டியின் கதை கலங்கரை விளக்கக் குப்பத்தில் தொடங்குகிறது. அந்தக் குப்பத்து அக்கா ஒருவர் வீட்டிலேயே சமைத்துப் போடுவார். முன்கூட்டிச் சொன்னால் களி நண்டு, இறால் தொக்கு, மடவைக் குழம்பு. இலை கிடையாது, எவர்சில்வர் தட்டு. திண்ணையில்தான் உட்கார வேண்டும். தளத்தில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அவர் தொலைபேசி எண்ணைப் போட்டு, வரைபடத்தில் இடத்தையும் குறித்தார் தளக்காரர். குறித்த விரல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. ஊசி விழுந்த இடம் ஏரியின் நடுத்தண்ணீர். இரண்டு வாரம் வந்தவர்களெல்லாம் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தார்கள். “தண்ணிக்குள்ளயா நான் அடுப்பு வெச்சிருக்கேன்?” என்று அவர் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஊசியைக் கரையேற்றிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து குடும்பங்களாவது வந்தன. ஒருநாள் அக்காவே கேட்டார்.

“நீ ஆளு அனுப்புறியே, அதுக்கு நான் இன்னா குடுக்கணும்?”

தளக்காரர் கமிஷன் முறையை விளக்கினார். பத்தில் ஒன்று என்பது சிறு வியாபாரங்களில் வழக்கம், வேண்டாமென்றால் விடலாம் என்றார்.

“கரையில ஏலம் கூவுறவனும் இப்டித்தாம்பா ஆரம்பிப்பான்” என்று சிரித்தார் அக்கா. இறாலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு தான் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு போகிற வியாபாரிகளை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை போனபோது ஓலைப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். ஊரில் முஸ்லிம் பெண்கள் வீட்டில் இருந்தபடியே பனங்குருத்தில் சாயமேற்றிப் பின்னுகிற பெட்டி. மூடி சரியாக உட்காரும், எறும்பு நுழையாது. உள்ளே கழுத்துவரை சென்னாக்கூனி. “இதான் உன் கமிஷன். காஞ்சது, கெடாது.” அதன்பின் பருவத்துக்கு ஒரு தடவை பெட்டியைக் காலியாகக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வருவது ஏற்பாடாயிற்று. இத்தனை ஆண்டுகளில் ரத்து ஆகாத, பிடித்தம் இல்லாத, குக்கீ காலாவதியாகாத ஒரே கூட்டாளி ஒப்பந்தம் அது. பெட்டி பின்னியவர்களுக்கும் ஒரு பக்கம் எழுதப்பட்டது. பெட்டி வாங்க வந்தவர்களைவிடப் பின்னக் கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

ஆள் வரத்துக் கணக்கில் உச்சியைத் தொட்ட இரவு ஏரியால் வந்ததல்ல, ராக்கெட்டால் வந்தது. 2019 ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்குச் சந்திரயான்-2 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புவதாக இருந்தது. ‘ராக்கெட் லாஞ்ச் எங்கிருந்து பார்க்கலாம்’ என்று தேடியவர்களுக்குப் பழவேற்காட்டுக் கடற்கரையைச் சொன்ன தளங்களில் இதுவும் ஒன்று. நள்ளிரவில் கார்களும் பைக்குகளும் குப்பத்துச் சந்துகளில் நெருக்கியடித்தன. ஏவும் நாட்களில் குறிப்பிட்ட கடல்பகுதிக்குள் போகக் கூடாது என்பதால் மீனவர்கள் கரையில்தான் இருந்தார்கள். சிலர் டீ போட்டார்கள், சிலர் படகில் சாய்ந்து கூட்டத்தை வேடிக்கை பார்த்தார்கள். தளக்காரர் மணலில் உட்கார்ந்து கைபேசியில் ஏறிக்கொண்டே போன எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது ஏவுதல் நிறுத்தப்பட்டது. வடக்கே வானம் இருட்டாகவே இருந்தது. விஷயம் பரவி, கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஜூலை 22 பிற்பகலில் அது பத்திரமாகப் போனபோது பாதிக் கூட்டம்தான். இரண்டு நாட்களிலும் சேர்த்துக் கமிஷன் பூஜ்யம். ராக்கெட் பார்க்க வருகிறவர் அறையும் எடுப்பதில்லை, பைனாகுலரும் வாங்குவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து பிஸ்கட் பாக்கெட்டோடு போகிறார். பழவேற்காட்டுக் கடைகளில் டீத்தூள் தீர்ந்தது மட்டும் உண்மை.

இரண்டாவது நோட்டு மெலிந்துகொண்டே போகிறது. அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல. 2011 அக்டோபரிலிருந்தே கூகுள் தேடல் சொற்களைத் தளங்களுக்குக் காட்டாமல் மறைக்கத் தொடங்கி, 2013-க்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. வேறொரு கருவியில் சுருக்கப் பட்டியல் கிடைத்தது. ஆனால் பழைய மாதிரி ஒவ்வொருவரும் என்ன கேட்டுக்கொண்டு கதவைத் தட்டினார் என்று தெரிவதில்லை. 2015 ஏப்ரலில் கைபேசியில் சரியாகத் தெரியாத பக்கங்கள் கைபேசித் தேடலில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. தளத்தை முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. 2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழுக்கும் வந்தபோது தமிழ்ப் பக்கங்கள் முதன்முறையாக நாலு காசு பார்த்தன. பிறகு செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில் தேடல் முடிவுகளின் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. இந்தியாவுக்கு அது 2024 ஆகஸ்டில் வந்தது. கேட்டவருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் உள்ளே வர வேண்டிய அவசியம் இல்லை. வராதவருக்குக் குக்கீ பதியாது.

முகத்துவாரம் கோடையில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்வதைப் பழவேற்காட்டார் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். கடல் தண்ணீர் ஏறாவிட்டால் இறால் குஞ்சு ஏறாது. ஏரி இருக்கும், பிடி இருக்காது. தளத்தின் கதையைக் கேட்ட வலைக்காரப் பெரியவர், “வாய் அடைச்சிக்கிச்சின்னு சொல்லு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மணலை வெட்டிவிடப் படகு எடுத்துக்கொண்டு ஊரே போகும் நாட்கள் உண்டு. இதற்கு யார் வெட்டுவது என்று அவரும் கேட்கவில்லை.

தளம் இப்போது இல்லை. டொமைன் பெயரைப் புதுப்பிக்கவில்லை. அக்காவின் திண்ணையில் இரண்டு மேஜைகள் வந்துவிட்டன. மகள் கைபேசியில் படம் எடுத்துப் போடுகிறாள், பணம் ஸ்கேன் செய்து வருகிறது. பெட்டி கணக்கு நோட்டுகளுக்குப் போய்விட்டாலும் சென்னாக்கூனி தருவது மட்டும் நிற்கவில்லை. இரண்டாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதிந்திருக்கும் தேடல் ஒன்றே ஒன்று: ‘பழவேற்காடு நண்டு அக்கா நம்பர்’. அதில் போட்டிங் இல்லை, தளத்தின் பெயரும் இல்லை. வழக்கமாக வரிசையில் எத்தனையாவது இடம் என்று எழுதும் கட்டத்தில், பென்சிலால் பத்து இலக்கத் தொலைபேசி எண் ஒன்று எழுதியிருக்கிறது.